மூடியில்லாத பின்சக்கரம்

அந்த அக்கா என் லேத்துப் பட்டறைக்கு முதல் தடவை வந்தபோது வந்த வேலையைச் சொல்லவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய என் தூக்குப்போசியை எடுத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார்.

"கொள்ளுப் பருப்புங்களா?" என்றார்.

ஆமாங்க என்றேன். மூடிவிட்டு ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகுதான் மடியிலிருந்து தேய்ந்துபோன தராசு முள்ளை எடுத்து, இதே மாதிரி ஒன்று கடைந்து தர முடியுமா என்று கேட்டார்.

அடுத்தவர் சோற்றை அப்படி யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. முள்ளைக் கடைந்து கொடுத்தேன். அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போயிட்டு வாரேன் என்று போனார்.

பட்டறை நாமக்கல்லில் சேந்தமங்கலம் ரோட்டில் இருந்தது. இரண்டு பக்கமும் லாரிப் பட்டறைகள். லாரிக்கு டிரம் கடைவதும் புஷ் அடிப்பதும்தான் என் வேலை. அந்த அக்காவுக்கு மிளகு வியாபாரம். வாரா வாரம் கொல்லிமலை ஏறி, சோளக்காட்டுச் சந்தையில் மலைக்காரர்களிடம் மிளகு வாங்கி, கீழே கொண்டுவந்து மண்டியில் போடுவார். மண்டி அவருடைய கொழுந்தனாருடையது. மிளகு கட்டக் காலிச் சாக்கும் அங்கிருந்துதான் போகும். வியாபாரம் அவருடைய புருஷன் செய்தது. புருஷன் போன பிறகு இவர் எடுத்துக்கொண்டார். முதலில் பஸ்சில்தான் போய் வந்தார். பஸ்ஸின் மேல் மூட்டையை ஏற்றுவார்கள். கீழே வந்து இறக்கும்போது ஒரு மூட்டை இளைத்திருக்கும். கேட்டால் யாருக்கும் தெரியாது.

மிளகு வாங்குகிறவர்கள் மூட்டையில் குத்தூசி விடுவார்கள். ஊசி வழியாகக் கொஞ்சம் மிளகு வரும். அதைக் கையில் தேய்த்துப் பார்த்து விலை சொல்வார்கள். இவர் ஊசி வைத்திருக்கவில்லை. தரையில் படுதாவை விரித்து மூட்டை மொத்தத்தையும் கொட்டச் சொல்வார். பிறகு உட்கார்ந்து கையால் அளைவார். பப்பாளி விதை கலந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மலைக்காரர்களுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. கொட்டி அள்ளுவதற்குள் பொழுது போய்விடுகிறது என்று சொன்னார்கள். ஆனால் நல்ல மிளகு வைத்திருந்தவர்கள் அவருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அவர் கொட்டிப் பார்த்துவிட்டால் பிறகு விலையில் பேச்சில்லை.

கல்யாண வீட்டுக்குப் போனால் நேராகச் சமையல் பந்தலுக்குப் போவார். ஒவ்வொரு அண்டாவாகத் தட்டை நகர்த்திப் பார்ப்பார். ஒரு சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு, நீங்களே ஆக்கிக்குங்க என்று உட்கார்ந்துவிட்டாராம். இவர் கோபப்படவில்லை. பருப்பு அடி பிடிக்குது, கிண்டுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். அது அடி பிடித்துத்தான் இருந்தது.

எனக்கு இரண்டாவது பெண் பிறந்தபோது வீட்டுக்கு வந்தார். தூங்குகிற குழந்தையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். கை, கால், முதுகு எல்லாம் பார்த்தார். திரும்பச் சுற்றினார். குழந்தை விழிக்கவில்லை.

"நல்லாருக்குது" என்றார்.

என் வீட்டுக்காரிக்கு மனசு ஆறவில்லை. அவர் போனதும் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். இனிமேல் அந்தம்மா வந்தால் குழந்தையை உள்ளே வைத்துவிடுவேன் என்றாள். உள்ளே வைத்தால் உள்ளேயும் வந்து பார்ப்பார் என்று நான் சொல்லவில்லை.

இது எதனால் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அவர் புருஷன் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். உடம்பைத் துணியில் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். பிரிக்க வேண்டாம், அப்படியே எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இவர் அரிவாள்மணையை எடுத்துவந்து தையலைப் பிரித்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு எடுக்கச் சொன்னார். அன்றிலிருந்துதான் இப்படி என்பார்கள். ஆனால் கொழுந்தனார் வேறு சொன்னார். கல்யாணமாகி வந்த அன்றைக்கே சமையலறையில் இருந்த அத்தனை பானையையும் திறந்து பார்த்தாராம். மாமியார் அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். எது முந்தி எது பிந்தி என்று எனக்குத் தெரியாது.

எண்பதுகளில் அந்தச் சின்ன கார் புதிதாக வந்தது. அவர் ஒன்று வாங்கினார். ஓட்டக் கற்றுக்கொண்டார். பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டார். மூட்டையை அதில் வைத்தார். அதற்குப் பிறகு எந்த மூட்டையும் இளைக்கவில்லை. நாமக்கல்லில் அப்போது கார் ஓட்டுகிற பெண்களை நான் பார்த்ததில்லை. மலையில் ஓட்டுகிறவர் இவர் ஒருவர்தான்.

ஒரு நாள் காரின் இடது பக்கம் முழுக்கச் சொரண்டியிருக்க, பட்டறை வாசலில் வந்து நிறுத்தினார். மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக் மிதி பிடிக்காமல் உள்ளே போய்விட்டது. மலைப்பக்கமாகக் காரை உரசி உரசி நிறுத்தியிருக்கிறார். மறுபக்கம் பள்ளம். அதைச் சொல்லும்போது குரலில் ஒன்றும் இல்லை. பின்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார்.

கழற்றினேன். டிரம் என்பது மூடி போட்ட சட்டி மாதிரி. பிரேக் கட்டை, சிலிண்டர், ஸ்பிரிங் எல்லாம் அதற்குள் இருக்கும். தட்டி எடுத்தேன். உள்ளே சிலிண்டர் கசிந்து, கட்டையெல்லாம் பிரேக் ஆயிலில் ஊறிக் கிடந்தது. கருப்புக் குழம்பாக இருந்தது.

"இது எத்தன நாளா ஒழுகுது, மேஸ்திரி?"

"அது தெரியாதுங்க அக்கா. தெறந்தாத்தான் தெரியும்."

அவர் காரைச் சுற்றி முன்பக்கம் போனார். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். அந்தக் காருக்கு முன்னால் டிஸ்க். ஒரு தட்டு சுற்றும். அதை இரண்டு பக்கமும் காலிப்பர் என்கிற கவ்வி பிடித்து நிறுத்தும். எல்லாம் வெளியில் இருக்கும். கவ்விக்குள் தட்டை அழுத்துகிற பேடு தேய்ந்திருந்தால் தெரியும். கசிந்தால் சொட்டும்.

"முன்னால தெறந்து வெச்சிருக்கறான். பின்னால எதுக்கு மூடி வெச்சான்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பின்னால் அவ்வளவு பிரேக் வேண்டியதில்லை, செலவு குறைவு, ஹேண்ட் பிரேக் வைக்க வசதி என்றேன். புது சிலிண்டர் போட்டுத் தருகிறேன், சரியாகிவிடும் என்றேன். கேட்டுக்கொண்டார். புது சிலிண்டரும் இப்படி ஒரு நாள் ஒழுகுமா என்றார். ஒழுகலாம் என்றேன். அன்றைக்கும் தெரியாதில்லையா என்றார். தெரியாது என்றேன்.

"அப்ப எனக்கு அது வேண்டாமுங்க. பின்னாலயும் தெறந்தே இருக்கட்டும்."

வெளியில் இருந்தால் மண்ணும் சேறும் விழும் என்று சொல்லிப் பார்த்தேன். விழுவதும் கண்ணுக்குத் தெரியுமில்லையா என்றார்.

சங்ககிரி ரோட்டில் அதே மாதிரிக் கார் ஒன்று விபத்தில் கிடந்தது. பின்னாலிருந்து லாரி மோதியிருந்தது. பின்பாதி இல்லை. முன்பாதியில் ஒரு கீறல் இல்லை. அதன் முன் டிஸ்க், காலிப்பர் இரண்டையும் அந்த அக்கா வாங்கிக்கொண்டு வந்தார். இதைப் பின்னால் போடுங்கள் என்றார்.

அந்த வேலையை அதற்கு முன்னால் நான் செய்ததில்லை. வேறு யாரும் செய்து பார்த்ததும் இல்லை. டிரம்மின் நடுவில்தான் பேரிங் உட்காரும். அதனால் டிரம்மையே தூக்கிப்போட முடியாது. லேத்தில் பிடித்துச் சுற்றுச்சுவரை மட்டும் வெட்டினேன். வளையமாகக் கழன்று தட்டில் விழுந்தது. நடுப்பாகம் நின்றது. அதன் மேல் டிஸ்க்கை போல்ட் போட்டேன். காலிப்பருக்குத் தடிமனான தகட்டில் தாங்கி வெட்டி, பழைய டிரம் தட்டு இருந்த துளைகளிலேயே பூட்டினேன். டிஸ்க் ஆடாமல் சுற்றுவதற்கு மூன்று முறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. அவர் எல்லா நேரமும் பக்கத்தில் நின்றார். கீழே விழுந்த வளையம் ஆறியதும் எடுத்துப் பார்த்தார்.

"இதுக்குள்ளதான் ஒளிஞ்சிட்டு இருந்துச்சு" என்றார். பழைய இரும்புக் குவியலில் போட்டார்.

எதிர்ப்பட்டறையில் லாரி டிரைவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்கக்கா, உங்க கார் டக்குனு நின்னுக்கும். பின்னால வர்ற என்ற லாரிக்கு யாருங்க பிரேக் போடறது?"

"உன்ற பொண்டாட்டிகிட்டச் சொல்லு. அவ போடுவா."

பட்டறையே சிரித்தது. அந்த அக்கா சிரிக்கவில்லை. டிஸ்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஹேண்ட் பிரேக். பழையது டிரம்மோடு போய்விட்டது. முன் காலிப்பரில் ஹேண்ட் பிரேக்குக்கு இடமில்லை. லாரிக்காரர்கள் மேட்டில் நிறுத்தினால் கிளீனர் குதித்துச் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வைப்பான். எங்கள் பக்கம் ஹேண்ட் பிரேக்கை நம்பி யாரும் வண்டியை விட்டு இறங்கியதில்லை. ஒரு கல்லைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கியரில் போட்டுவிட்டு இறங்கிக் கல்லை வையுங்கள் என்றேன். எனக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

அவர் எதிரே நின்ற லாரியைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"பாரத்தோட சரிவுல கியர நம்பி எறங்க முடியாது. கல்லு வெக்கறதுன்னா வண்டிக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தர் பிரேக்கை மிதிக்கோணும், ஒருத்தர் கல்லு வெக்கோணும். வெச்சிட்டேன்னு அவன் சொல்லுவான். வெச்சானா இல்லியான்னு உள்ள இருக்கற எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒத்தையாப் போறவ. எனக்கு ஹேண்ட் பிரேக் வேணுமுங்க."

எத்தனையோ வருஷமாக லாரிக்கு வேலை செய்தவன் நான். வண்டி என்றாலே இரண்டு ஆள் என்பது எனக்குள் இருந்தது. அவர் சொன்னபோதுதான் அது தெரிந்தது.

இடுக்கி மாதிரி இரண்டு இரும்புக் கை செய்தேன். நுனியில் பிரேக் லைனிங் துண்டை ஒட்டி ரிவெட் அடித்தேன். பழைய ஹேண்ட் பிரேக் கம்பி இழுத்தால் அது டிஸ்க்கைத் தனியாகக் கவ்வும். முதலில் செய்தது வழுக்கியது. கையை நீளமாக்கி மறுபடி செய்தேன். நின்றது. வெளியில் இருந்து பார்த்தால் கவ்வுவது தெரிய வேண்டும் என்று சக்கரத்து மூடியையும் அவர் கழற்றி எறிந்துவிட்டார்.

ஓட்டிப் பார்த்தோம். லாரி ஊரில் பிரேக்கைப் பாரம் ஏற்றித்தான் பார்ப்பார்கள். காலி வண்டி நின்றால் அது ஒரு நிற்பா என்பார்கள். நாங்களும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளி வரை போய், முதல் சில வளைவுகள் ஏறி இறங்கினோம். மிதித்த இடத்தில் நின்றது. டிரம்மில் அப்படி ஒரு பிடிப்பு இருந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ஏறினார்.

சில வாரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு வாரம் மலையில் மழை. சந்தை கூடவில்லை. மிளகு வரவில்லை. காலிக் காரோடு இறங்கினார். மறுநாள் காலை பட்டறை திறப்பதற்கு முன்னாலேயே வந்து நின்றார்.

"பின்னாடி முன்னாடி வந்துருச்சுங்க, மேஸ்திரி" என்றார்.

வளைவில் மிதித்திருக்கிறார். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. ஈர ரோட்டில் காரின் வால் சுற்றிக்கொண்டு வந்து, கார் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டது. பள்ளத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்ததாம். இறங்கி அளந்து பார்த்திருக்கிறார்.

புரிந்தது. பாரம் இருந்தால் பின்சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடிக்கும். அவ்வளவு பிரேக்கையும் தாங்கும். காலியாக இருந்தால் பின்னால் கனமில்லை. முன்சக்கரத்துக்கு ஆன காலிப்பரைப் பின்னால் போட்டிருந்தோம். அது பிடித்த பிடிக்கு லேசான பின்சக்கரம் வழுக்கிவிட்டது. காலியாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை, வேடிக்கை பார்த்த லாரிக்காரர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தச் செய்தி அவருக்கு முந்தியே ஊருக்கு வந்துவிட்டது. பஸ்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். கொழுந்தனார் பட்டறைக்கே வந்தார். நல்ல மனிதர். சத்தம் போடமாட்டார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள். அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

இது வேண்டாம் நங்கையா என்று ஆரம்பித்தார். அடுத்த சந்தையிலிருந்து லாரியில் தன் ஆளை அனுப்பிக்கொள்வதாகச் சொன்னார். மண்டியிலிருந்து இவருக்கு இனிச் சாக்கு வராது, வீட்டில் இருக்கட்டும், மாதாமாதம் பங்கு வந்து சேர்ந்துவிடும் என்றார். அண்ணன் இருந்திருந்தால் இதைத்தான் சொல்வார் என்றார்.

அந்த அக்கா இரும்புக் குவியல் பக்கம் நின்றுகொண்டு கேட்டார். பங்கு வரும்தான். ஆனால் மூட்டை அவர் கண்ணுக்கு வராது. என்ன வாங்கினார்கள், என்ன கலந்தது, எத்தனை இளைத்தது என்று யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது அவருக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். கொழுந்தனாருக்கும் தெரிந்திருக்கும்.

"சரி தம்பி. யாவாரத்தக் குடுத்தர்றேன்" என்றார்.

கொழுந்தனாரே திகைத்துவிட்டார்.

"ஆனா அடுத்த சந்தை அன்னிக்கு நீ எங்கூட மலைக்கு வா. வரும்போது காலிக் கார்லயே எறங்கலாம். அடிவாரத்துல எறங்கி நின்னு, இது ஆகாதுன்னு நீ சொல்லு. சாவியக் கைல குடுத்தர்றேன்."

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். நான் லேத்தைப் பார்த்தேன். கடைசியில் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் இருந்தது. பின்னால் இரண்டு மூட்டை மணலைப் போட்டுக்கொண்டு காலியாக வரும்போது ஓட்டலாம் என்றேன். வேண்டாம் என்றார். மணலை ஏற்றி இறக்க ஆள் தேட முடியாது, மிளகு வைக்கிற இடத்தில் மணல் வைப்பதா என்றார். பிறகு, லாரி என்ஜினில் பிஸ்டன் ஓடுகிற போர் தேய்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். உள்ளே சிலீவ் என்கிற குழாயை அடித்துத் துளையைச் சின்னதாக்குவோம் என்றேன். சொல்லும்போதே எனக்கு விஷயம் பிடிபட்டது. அவர் அதை நினைத்துத்தான் கேட்டாரா, சும்மா கேட்டாரா, தெரியாது.

காலிப்பரில் பேடைத் தள்ளுகிற பிஸ்டன் ஓடும் துளைக்குள் சிலீவ் அடித்தேன். அதற்கேற்ற சின்ன பிஸ்டன் கடைந்தேன். பிஸ்டன் சின்னதானால் அழுத்தம் குறையும். பிடி குறையும். எவ்வளவு குறைக்கலாம் என்பது கணக்கில் வரவில்லை. கடைந்து போட்டு, ஓட்டிப் பார்த்து, மறுபடி கடைந்தேன். தோட்டத்து மோட்டாரைப் போட்டு வாய்க்கால் தண்ணீரை மண் ரோட்டில் பாய்ச்சி, ஈரத்தில் காலிக் காரை மிதித்துப் பார்த்தோம். இரண்டு தடவை வால் திரும்பியது. மூன்றாவது பிஸ்டனுக்கு நேராக நின்றது. பிறகு மூட்டை ஏற்றி மிதித்தோம். முன்பு அளவுக்கு இல்லை. ஆனால் டிரம்முக்குக் குறையவில்லை.

சந்தைக்கு முந்தின நாள் கடைசியாகக் காலிப்பருக்குள் ஒரு ரப்பர் வாசர் மாற்ற வேண்டியிருந்தது. அவர் வருவதற்குள் மாற்றி மாட்டிவிட்டேன். வந்தார். கழற்றச் சொன்னார்.

"மாத்திட்டேன்னு நான் சொல்றனில்லீங்களா, அக்கா?"

"சொல்லிட்டீங்க. இன்னும் பாக்கல."

கழற்றினேன். எரிச்சலோடுதான் கழற்றினேன். விரலை விட்டுத் தடவினார். சரி, மாட்டுங்கள் என்றார். மாட்டினேன்.

மறுநாள் நானும் மலைக்குப் போனேன். பின்னால் பலகையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் பின்னால் உட்கார்ந்தால் அது காலி வண்டி ஆகாது என்றார். நான் மோட்டார் சைக்கிளில் போனேன்.

சந்தையில் நல்ல மிளகு வந்திருந்தது. அவர் கொட்டிப் பார்த்தார், விலை பேசினார், வாங்கவும் செய்தார். ஆனால் காரில் ஏற்றவில்லை. மாலைப் பஸ்சில் அனுப்பச் சொன்னார். மலைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். தூறல் பிடித்துக்கொண்டது.

நான் பின்னால் இறங்கிக்கொண்டு வந்தேன். கார் வேகமாகவும் போகவில்லை, ஊர்ந்தும் போகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பின் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் கண் அந்தப் பின்சக்கரத்தில்தான் இருந்தது. வால் ஆடவில்லை. கொழுந்தனாரின் பின்தலை தெரிந்தது. அது நேராக இருந்தது. கை மட்டும் கதவுக்கு மேலே பிடியைப் பிடித்திருந்தது.

பாதி மலைக்குக் கீழே ஒரு வளைவு வரும். சரிவு அதிகம். அங்கே கார் நின்றுவிட்டது. வளைவுக்கு அந்தப்பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. ஏறிவரும் பஸ் எதற்கோ நின்றிருந்தது. என்னவென்று இங்கிருந்து தெரியவில்லை.

அந்த அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டார். கதவைத் திறந்து இறங்கினார். கதவைச் சாத்தினார். என்னவென்று பார்க்க வளைவுக்கு நடந்து போய்விட்டார்.

சரிவில் காலிக் கார். உள்ளே கொழுந்தனார் ஒருவர். ஓட்டுகிற இடத்தில் ஆளில்லை. எதிரே ரோட்டு ஓரம், அதற்கு அப்பால் மரங்களின் தலை.

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காரின் பக்கத்தில் போனேன். கொழுந்தனார் கண்ணாடியை இறக்கினார்.

"மேஸ்திரி, கல்லு வெச்சீங்களா?"

"இல்லீங்க."

"ஒண்ணு எடுத்து வெய்ங்களேன்."

ரோட்டோரம் கல்லுக்குப் பஞ்சமில்லை. நான் எடுக்கவில்லை. வைத்தால் அந்த வாரம் முழுக்கச் செய்த வேலைக்கு அர்த்தமில்லை. வைக்காமல் கார் நகர்ந்தால் அவர் உயிருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இரண்டும் தெரிந்துதான் நின்றேன்.

"நிக்குமுங்க" என்றேன்.

கொழுந்தனார் ஹேண்ட் பிரேக் கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகக் கதவைத் திறந்து, ஒரு காலை வைத்து, பிறகு மறுகாலை வைத்து இறங்கினார். கார் கொஞ்சம் மேலே எழும்பி அமர்ந்தது. நகரவில்லை. அவர் பின்பக்கம் போனார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். சக்கரத் துளை வழியாகப் பார்த்தார். மழைத்தண்ணீர் டிஸ்க்கில் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கை அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருந்தது.

"இதுதான் புடிச்சிட்டிருக்குதுங்களா?"

"அதுதானுங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானுங்க."

எழுந்தார். காரின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்தார். சரிவைப் பார்த்துத் தள்ளினார். நான் தடுக்கப் போனேன், பிறகு நின்றுகொண்டேன். கார் அசையவில்லை. தோளைக் கொடுத்து, காலை ரோட்டில் ஊன்றி, மறுபடி தள்ளினார். செருப்பு வழுக்கியது. கார் அங்கேயே நின்றது.

நிமிர்ந்தபோது, வளைவில் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். காரைக் கொழுந்தனார் பள்ளத்தைப் பார்த்துத் தள்ளியதைப் பார்த்திருக்கிறார். வந்து ஏறினார். மண் சரிந்து கிடந்தது, பஸ்காரர்கள் தள்ளிவிட்டார்கள், இனிப் போகலாம் என்றார். கொழுந்தனாரும் ஏறினார். பஸ் எங்களைக் கடந்து போனது. நாங்கள் இறங்கினோம்.

அடிவாரத்தில் காரவள்ளியில் டீக்கடை முன்னால் கார் நின்றது. மூன்று டீ சொன்னார்கள். தூறல் விட்டிருந்தது. அந்த அக்கா சாவியை எடுத்துக் காரின் கூரை மேல் வைத்தார். கொழுந்தனாருக்கு எட்டும் இடத்தில் வைத்தார். பிறகு டீயை வாங்கிக்கொண்டு அந்தப்பக்கம் பார்த்து நின்றார்.

கொழுந்தனார் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். ஈரச் செருப்பை ஒருமுறை தரையில் தட்டினார். சாவியைத் தொடவில்லை.

"நங்கையா, அடுத்த சந்தைக்கு எத்தன சாக்கு எடுத்து வெக்கட்டுமுங்க?"

அவர் உடனே திரும்பவில்லை. டீ முடிகிறவரை குடித்தார்.

"நாலு போதும் தம்பி" என்றார். "கிழிசல் இல்லாததா வெய்யி."

கொழுந்தனார் சரிங்க என்றார்.